80 கெல்வினுக்கு இறங்கும் வழி: சிறு கிரையோகூலரும் மில்லிவாட் கணக்கும்

எடுத்துக்கொண்ட வேலை இது: 6யு கியூப்சாட்டுக்குள் (பெட்டி அளவுள்ள சிறு செயற்கைக்கோள்) அடங்கும் ஒரு நடு அகச்சிவப்பு டிடெக்டரை 80 கெல்வினில், அதாவது மைனஸ் 193° செல்சியஸில், நிறுத்தி வைப்பது. அதற்கு மேல் சூடேறினால் ஒளி இல்லாமலே டிடெக்டரில் ஓடும் இருள் மின்னோட்டமே படத்தை விழுங்கிவிடும். குளிரூட்டுவதற்கு ஒரு ஸ்ப்ளிட் லீனியர் ஸ்டெர்லிங் கூலர், அதாவது பிஸ்டன் நேர்கோட்டில் ஆடும், இரண்டு பாதியாகப் பிரிந்த கிரையோகூலர். எடை சுமார் 450 கிராம். கம்ப்ரஸர் ஓரிடம், டிஸ்ப்ளேசர் (வாயுவை இங்குமங்கும் தள்ளும் உருளை) ஓடும் குளிர்விரல் இன்னோரிடம், இரண்டுக்கும் நடுவே ஹீலியம் போய்வரும் மெல்லிய எஃகுக் குழாய். கூலரின் உடல் 23° செல்சியஸில் இருக்கும்போது 80 கெல்வினில் 500 மில்லிவாட் வெப்பத்தை எடுக்கும். அதற்கு 15 வாட் மின்சாரம் கேட்கும்.

அந்த இரண்டு எண்களையும் வகுத்துப் பாருங்கள். குளிர்முனையில் 1 மில்லிவாட் எடுக்க, பேட்டரியில் 30 மில்லிவாட் போகிறது. 300 கெல்வினுக்கும் 80 கெல்வினுக்கும் இடையே கார்னோ வரம்பு, அதாவது இயற்பியல் அனுமதிக்கும் குறைந்தபட்சச் செலவு, 1 மில்லிவாட்டுக்கு 2.75 மட்டுமே, ஆக இந்தக் கூலர் அந்த வரம்பில் 9 சதவீதத்தைத்தான் எட்டுகிறது. இதைக் குறை என்று எண்ண வேண்டாம். பொருளைப் பாதியாகச் சுருக்கலாம். பிஸ்டனைச் சுற்றியுள்ள இடைவெளியையும் குளிர்விரலின் சுவர் வழியே இறங்கும் வெப்பத்தையும் அதே அளவில் சுருக்க முடியாது. சிறிய கூலர்கள் எல்லாமே இந்த வரியைக் கட்டித்தான் ஆகவேண்டும். அதனால் இந்தப் பதிவு முழுக்க ஒரே கேள்வியைத்தான் சுற்றி வரும்: அந்த 500 மில்லிவாட்டில் டிடெக்டருக்கு எவ்வளவு போகிறது, ஓட்டை வழியே எவ்வளவு ஒழுகுகிறது?

எந்த வகைக் கூலர்

மூன்று வகைகள் களத்தில் உண்டு. சின்ன மோட்டாரும் கிராங்கும் வைத்த ரோட்டரி ஸ்டெர்லிங் மிகச் சிறியது, உடனே கிடைப்பது. ரிக்கோர் நிறுவனத்தின் கே508 இந்த வகை. புதன் கோளுக்குப் போன மெசெஞ்சரின் காமாக் கதிர் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஜெர்மானியம் படிகத்தைக் குளிரவைத்தது இதுதான். செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டியின் கெமின் கருவியில் சிசிடி உணரியைக் குளிரவைப்பதும் இதுவே. தாங்கு உருளைகளும் மசகும் உள்ளே இருப்பதால் ஓடும் மணிநேரத்துக்கு எல்லை உண்டு. மெசெஞ்சரில் அந்த எல்லை 2012இல் வந்து சேர்ந்தது.

லீனியர் வகையில் பிஸ்டன் சுவரைத் தொடாமல் வளையும் தகட்டு ஸ்பிரிங்கிலோ வாயுத் தாங்கியிலோ மிதக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் வளர்ந்த தகட்டு ஸ்பிரிங் வடிவம் 1991இல் வளிமண்டலத்தை ஆராயும் ஐசாம்ஸ் கருவியோடு விண்ணுக்குப் போனது. சூரியனை ஆராய்ந்த ரெஸ்ஸி செயற்கைக்கோளில் ஒரே ஒரு சன்பவர் நிறுவனக் கூலர் 9 ஜெர்மானியம் டிடெக்டர்களைக் குளிர்வித்தபடி 2002 முதல் 2018 வரை விண்ணில் இயங்கியது. மூன்றாவது வகையான பல்ஸ் டியூப்பில் குளிர்முனையில் ஆடும் உறுப்பே கிடையாது, அதிர்வு குறைவு. ஆனால் தரையில் சோதிக்கும்போது குழாயைக் கிடைமட்டமாக வைத்தால் உள்ளே வாயு சுழன்று திறன் விழும். குளிர்முனை கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்திச் சோதிக்க வேண்டும்.

இங்கே லீனியர் ஸ்டெர்லிங்கைத் தேர்ந்ததற்குக் காரணம் ஆயுள். கூலரை அணைத்து அணைத்து ஓட்ட முடியாது என்பது பின்னால் தெரியவரும்.

காகிதத்தில் போட்ட கணக்கு

டிடெக்டரும் அதன் சிக்னலைப் படிக்கும் ரீடவுட் சில்லும்: 80 மில்லிவாட். இது தயாரிப்பாளர் தாளில் இருப்பது, பேரம் பேச முடியாது. மற்ற எல்லாவற்றிலும் பேரம் உண்டு.

கம்பிகள். டிடெக்டருக்கு 40 கம்பிகள் வேண்டும். 0.127 மில்லிமீட்டர் தடிமனில் 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு செப்புக் கம்பி 300இலிருந்து 80 கெல்வினுக்கு ஏறக்குறைய 12 மில்லிவாட்டைக் கொண்டுவந்து கொட்டும். 40 கம்பி என்றால் 470 மில்லிவாட். கூலர் முழுவதும் கம்பிக்கே காலி. அதே அளவில் பாஸ்பர் பிரான்ஸ் என்ற செப்புக் கலவைக் கம்பி 1 மில்லிவாட் மட்டுமே கடத்தும், மாங்கனின் என்ற இன்னொரு கலவை அதிலும் பாதி. அப்படியானால் எல்லாம் மாங்கனினாகவே இருக்கட்டுமே என்று தோன்றும். அதன் மின்தடை மீட்டருக்கு 39 ஓம் அளவில். 20 மில்லிஆம்பியர் இழுக்கும் சப்ளை லைனில் 100 மில்லிமீட்டருக்கே 78 மில்லிவோல்ட் தொலையும். ரீடவுட் சில்லுக்கு அது பிடிக்காது. பாஸ்பர் பிரான்ஸில் அது 20 மில்லிவோல்ட்தான். ஆகவே 40ம் பாஸ்பர் பிரான்ஸ்: 41 மில்லிவாட்.

தாங்கி. டிடெக்டர் மேடையை ஜி-10 கண்ணாடியிழைக் குழாய் தாங்குகிறது: விட்டம் 20, சுவர் 0.3, நீளம் 40 மில்லிமீட்டர். கடத்துவது 60 மில்லிவாட். இதே குழாயைத் துருப்பிடிக்காத எஃகில் செய்தால் 1.2 வாட்டைத் தாண்டும். சுவரை இன்னும் மெல்லியதாக்கினால் ஏவுதலின் அதிர்வில் மேடை ஆடும், 0.3 என்பது அந்தச் சமரசம்.

கதிர்வீச்சு. 295 கெல்வின் சுவர் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலிருந்தும் 43 மில்லிவாட் வீசுகிறது. குளிர்ப் பகுதியின் பரப்பு 30 சதுர சென்டிமீட்டர். இரு பக்கமும் பளபளப்பாகத் தங்க முலாம் போட்டால் அதில் 2 சதவீதத்துக்கும் குறைவாகவே உள்ளே போகும்: 25 மில்லிவாட். ஜன்னல் வழியாக வரும் ஒளியில் குளிர் ஃபில்டர் உறிஞ்சுவதற்கு 20 வைக்கப்பட்டது. இந்த இருபதைச் சும்மா தூக்கிப் போடக்கூடாது. ஃபில்டர் நீண்ட அலைகளைத் திருப்பி அனுப்பாமல் கறுப்பு போல விழுங்கினால், 1 சதுர சென்டிமீட்டருக்கே 43 மில்லிவாட் வந்துவிடும். ஃபில்டர் வாங்கும்போது கடத்தும் பட்டையின் வரைபடத்தைப் பார்ப்பவர்கள், பட்டைக்கு வெளியே அது பிரதிபலிக்கிறதா உறிஞ்சுகிறதா என்றும் கேட்க வேண்டும்.

கூட்டினால் 226 மில்லிவாட். தொடக்க வடிவமைப்பில் 50 சதவீத உபரி வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். அதைச் சேர்த்தால் 340. 500 மில்லிவாட் கூலர் போதும், ஆனால் தாராளம் என்று சொல்லிவிட முடியாது.

முதலில் கூலரை மட்டும் அளக்கவும்

டிடெக்டரைக் கொண்டுவருவதற்கு முன், வெறும் குளிர்விரலில் ஒரு ஹீட்டரும் ஒரு சிலிக்கான் டையோடு வெப்பமானியும் மட்டும் வைத்து, வெற்றிடக் கலத்தில் ஓட்டுங்கள். உடல் வெப்பநிலையை 23° செல்சியஸில் பிடித்துக்கொண்டு, உள்ளீடு 5, 8, 11, 15 வாட் என நான்கு நிலைகளில், ஒவ்வொன்றிலும் ஹீட்டரை 0, 100, 200, 400 மில்லிவாட் என ஏற்றி, நிலைபெற்ற வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு உடலை 40° செல்சியஸுக்கு ஏற்றி மறுபடியும் ஓட்டவும். இரண்டு நாள் வேலை. இதைத் தவிர்த்தவர்களுக்குப் பின்னால் ஏதாவது கோளாறு வந்தால், குற்றம் கூலரிலா கட்டமைப்பிலா என்று சொல்ல வழியே இருக்காது. இந்த வரைகோடு கையில் இருந்தால் கூலரே ஒரு வெப்ப மீட்டர் ஆகிவிடும்: இத்தனை வாட் உள்ளே போகிறது, முனை இத்தனை கெல்வினில் நிற்கிறது, எனவே சுமை இத்தனை மில்லிவாட்.

டையோடுக்கு 10 மைக்ரோஆம்பியர் கொடுத்தால் 77 கெல்வினில் ஏறக்குறைய 1.03 வோல்ட், அறை வெப்பத்தில் 0.56 வோல்ட். தானே சூடாவது 10 மைக்ரோவாட் அளவில்தான். பிடி-100 என்ற பிளாட்டினம் மின்தடை வெப்பமானி போட்டாலும் வேலை நடக்கும். 77 கெல்வினில் 20 ஓம் சொச்சம், ஒரு கெல்வினுக்கு 0.4 ஓம் நகரும். எதுவானாலும் நான்கு கம்பி இணைப்பு கட்டாயம்.

கட்டியது, கட்டியபோது தவறியது

குளிர்விரலின் நுனியில் டிடெக்டர் மேடையை நேரடியாகத் திருகக் கூடாது. அந்த விரலின் சுவர் காகிதம் போல மெல்லியது, உள்ளே டிஸ்ப்ளேசர் மயிரிழை இடைவெளியில் ஓடுகிறது. பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளினாலும் உரசத் தொடங்கும். உரசல் தூள் ரீஜெனரேட்டரின் (வாயு போய்வரும்போது வெப்பத்தை வாங்கி வைத்துத் திருப்பித் தரும் உறுப்பு) வலைக்குள் போனால் அந்தக் கூலர் முடிந்தது. நடுவே நெகிழும் செப்புப் பட்டை வேண்டும். 0.05 மில்லிமீட்டர் தடிமனும் 10 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஆக்சிஜனற்ற செப்புத் தகடுகள் 20, வளைந்து ஆடும் பகுதி 30 மில்லிமீட்டர். கணக்குப்படி ஒரு கெல்வினுக்கு 0.18 வாட் கடத்தும். 226 மில்லிவாட்டுக்கு 1.3 கெல்வின் இழப்பு, இரண்டு முனை இணைப்புகளுக்கும் சேர்த்து இன்னொரு அரை கெல்வின். ஆக டிடெக்டர் 80இல் இருக்க வேண்டுமானால் விரல் நுனி 78இல் இருக்க வேண்டும். தாளில் எழுதிய 500 மில்லிவாட் 80 கெல்வினுக்கானது என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

தகடுகளின் இரு முனைகளையும் மட்டுமே அழுத்திப் பற்றவைக்க வேண்டும். ஈயப் பற்று வைத்தால் அது தகடுகளுக்கு நடுவே ஊறி ஏறி, நெகிழ வேண்டிய பகுதி கட்டையாகிவிடும். பட்டையைக் கட்டியபின் விரலால் மூன்று திசையிலும் தள்ளிப் பார்த்தாலே தெரியும்.

இணைப்புகளில் இண்டியம் என்ற மெத்தென்ற உலோகத்தில் 0.1 மில்லிமீட்டர் தகடு. முதல் தடவை கட்டியபோது அறை வெப்பத்தில் எல்லாம் சரியாக இருந்தது. குளிர்ந்தபின் பட்டையின் டிடெக்டர் முனையில் மட்டும் 5 கெல்வின் விழுந்தது. காரணம் போல்ட். அலுமினிய மேடையில் துருப்பிடிக்காத எஃகு எம்2.5 போல்ட். 300இலிருந்து 80 கெல்வினுக்குப் போகும்போது அலுமினியம் 0.39 சதவீதம் சுருங்கும், எஃகு 0.28தான் சுருங்கும். 0.5 நியூட்டன் மீட்டரில் முறுக்கிய போல்ட்டின் இழுவிசையே 0.15 சதவீத நீட்சிதான், அதில் 0.11 போய்விட்டால் பிடிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காணாமல் போகிறது. போல்ட் தலைக்கு அடியில் கிண்ண வாஷர் இரண்டிரண்டாக அடுக்கியதும் 5 கெல்வின் அரைக் கெல்வினுக்குக் குறைந்தது. இண்டியம் முதல் நாள் மெல்ல நசுங்கி இடம் கொடுக்கும். 24 மணிநேரம் கழித்து ஒருமுறை மறுபடி முறுக்க வேண்டும்.

டிடெக்டரை இந்தக் கட்டத்தில் பொருத்த வேண்டாம். அதே அளவுள்ள வெறும் பீங்கான் பொதியில் 80 மில்லிவாட் ரெசிஸ்டர் ஒட்டிய டம்மி போதும். உண்மையான டிடெக்டர் விலையுயர்ந்தது, டம்மி உடைந்தால் யாரும் அழமாட்டார்கள்.

முதல் ஓட்டம்: 250 மில்லிவாட்டைத் தேடி

கூலர் 80 கெல்வினைத் தொட்டது. ஆனால் உள்ளீடு 15 வாட்டை ஒட்டியே நின்றது. வரைகோட்டைப் பார்த்தால் சுமை ஏறக்குறைய 475 மில்லிவாட். காகிதம் சொன்னது 226. ஓட்டைக் குடம் எங்கே ஒழுகுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது. விதி ஒன்றுதான்: ஒரு தடவையில் ஒரே ஒரு மாற்றம்.

முதலில் வெற்றிடம். கேஜ் 8×10⁻⁴ மில்லிபார் காட்டியது. கேட்பதற்கு நல்ல வெற்றிடம் போலத்தான் இருக்கும். ஆனால் அந்த அழுத்தத்தில் மிச்சமிருக்கும் வாயு மூலக்கூறுகளே சுவரிலிருந்து குளிர்ப் பகுதிக்கு ஓடி ஓடி வெப்பத்தைச் சுமக்கும்: 30 சதுர சென்டிமீட்டருக்கு 55 மில்லிவாட்டுக்கு மேல். 10⁻⁵ மில்லிபாருக்கு இறங்கினால் 1 மில்லிவாட்டுக்கும் கீழே. கலத்தை 60° செல்சியஸில் இரண்டு நாள் சுட்டு வாயு கழித்தபின் அந்தப் பங்கு மறைந்தது. விண்ணில் இந்தத் தொல்லை இல்லை என்பது பாதி உண்மைதான். புதிதாக ஏவிய கலத்தின் உள்ளே பிசினும் கேபிளும் வாரக்கணக்கில் நீராவி விடும்.

அடுத்தது சோதனைக்காகவே போட்ட கம்பிகள். இரண்டு வெப்பமானிகளுக்கு 8, ஹீட்டருக்கு 4, ஆக 12 கம்பிகள். டிடெக்டரின் 40 கம்பிகளுக்கும் பார்த்துப் பார்த்து பாஸ்பர் பிரான்ஸ் போட்டவர்கள், இந்த 12ஐ மேசையில் கிடந்த செப்புக் கம்பியில் இழுத்துவிட்டார்கள். 12 கம்பிக்கும் சேர்த்து ஏறக்குறைய 142 மில்லிவாட். கணக்கில் வராத பொருள்தான் எப்போதும் காசைத் தின்னும்.

மீதி 50 மில்லிவாட் பல அடுக்குக் காப்புத் தாளில் இருந்தது. சின்ன இடத்தில் இந்தத் தாள் பெரிய இடத்தில்போல வேலை செய்யாது. வெட்டிய ஓரங்களில் அடுக்குகள் ஒன்றையொன்று தொடும், மூலையில் மடித்தால் நசுங்கும். வெளி அடுக்கின் ஓரம் செப்புப் பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இந்த அளவுக் கட்டமைப்பில் காப்புத் தாளைவிடத் தங்க முலாம் பூசிய ஒற்றைக் கேடயமே மேல் என்பது எங்கள் கருத்து. தாளைக் கழற்றியபின் சுமை குறைந்ததே தவிர ஏறவில்லை.

மூன்றும் சரியானபின் 230 மில்லிவாட்டை ஒட்டி நின்றது. டிடெக்டர் கம்பிகளை 100இலிருந்து 180 மில்லிமீட்டராக்கிச் சுருட்டி வைத்ததில் இன்னொரு 18 மிச்சம். உள்ளீடு 8 வாட் அளவுக்கு இறங்கியது.

சரிபார்க்க இன்னொரு எளிய வழி உண்டு. கூலரை நிறுத்திவிட்டு, மேடை எவ்வளவு வேகமாகச் சூடேறுகிறது என்று பாருங்கள். குளிர்ப் பகுதியில் செம்பு 25 கிராம், அலுமினியம் 15 கிராம், டம்மிப் பொதி 10 கிராம். 80 கெல்வினில் இதன் வெப்ப ஏற்புத்திறன் மொத்தம் சுமார் 11 ஜூல் ஒரு கெல்வினுக்கு. நிமிடத்துக்கு 2.3 கெல்வின் ஏறினால் உள்ளே வருவது 430 மில்லிவாட். இதில் பாதியளவு, நின்றுபோன கூலரின் விரல் வழியே வருவது. ஓடாத கூலர் வெறும் வெப்பப் பாலம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாற்றுக் கூலர் ஒன்றை அதே மேடையில் கட்டினால், அது ஓடாத நேரமெல்லாம் 200 மில்லிவாட் சுமையாகத் தொங்கும். செவ்வாயைச் சுற்றிய கிரிஸம் கருவியில் மூன்று கூலர்களை ஒரு திசையில் மட்டும் கடத்தும் டையோடு வெப்பக் குழாய்கள் வழியே இணைத்தது இதனால்தான்.

பனி

80 கெல்வினில் இருக்கும் எந்தப் பரப்பும் சுற்றியுள்ள நீராவிக்குப் பொறி. தங்க முலாமின்மேல் மைக்ரோமீட்டர் அளவுக்குப் பனி ஏறினாலே அதன் உமிழ்திறன் பல மடங்காகி, 25 மில்லிவாட் கதிர்வீச்சுச் சுமை வளரத் தொடங்கும். ஃபில்டரின்மேல் ஏறினால் 3.1 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் ஒளி விழும். முதல் அறிகுறி படத்தில் தெரியாது. 80 கெல்வினைப் பிடிக்க நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் வாட் போகும்.

வடிவத்தில் செய்ய வேண்டியது: டிடெக்டருக்கு முன்னால் கொஞ்சம் கூடுதல் குளிர்ச்சியில் ஒரு பலிகடாப் பரப்பு. விரல் நுனியே 2 கெல்வின் குறைவாக இருப்பதால் அங்கிருந்து ஒரு சின்னச் செப்பு இதழை நீட்டிவிட்டால் ஆயிற்று. குளிர்விக்கும்போது அது முதலில் குளிரும், நீராவி முதலில் அங்கே படியும். சூடேற்றும்போது வரிசை தலைகீழ்: டிடெக்டர் மேடையின் ஹீட்டரை முதலில் போட்டு, கூலரைக் குறைந்த ஓட்டத்தில் வைத்து விரலைக் குளிராக வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக அணைத்துவிட்டால், இதழிலிருந்து கிளம்பும் நீராவி இன்னும் குளிராக இருக்கும் டிடெக்டரின் முகத்தில் போய் உட்காரும்.

டிரைவரும் மின்சப்ளையும்

கூலர் 70 ஹெர்ட்சில் ஓடுகிறது. சைன் அலையில் பாயும் மின்திறன் அதன் இரு மடங்கில், 140 ஹெர்ட்சில், பூஜ்யத்துக்கும் 30 வாட்டுக்கும் இடையே ஊஞ்சலாடும். சராசரி 15 வாட் என்று எண்ணி 12 வோல்ட் லைனில் அப்படியே மாட்டினால், அந்த ஊஞ்சல் முழுவதும் செயற்கைக்கோளின் மின் பஸ்ஸில் தெரியும். நடுவே சேமித்துத் தர வேண்டிய ஆற்றல் 34 மில்லிஜூல். 12 வோல்ட்டில் அரை வோல்ட் அலைவுக்குள் அடக்க 5,700 மைக்ரோஃபேரட் வேண்டும். 28 வோல்ட் லைன் என்றால் 1 வோல்ட் அலைவுக்கு 1,200 போதும். சாதாரண ஈர எலக்ட்ரோலிட்டிக்கை வெற்றிடத்தில் நம்ப வேண்டாம்; டாண்டலம் அடுக்கு, எழுச்சி மின்னோட்டத்தைத் தடுக்க முன்னால் மெதுவான தொடக்கச் சுற்று.

தொடங்கும்போது முழு வோல்ட்டேஜ் கொடுக்கக் கூடாது. வெதுவெதுப்பான கூலரில் வாயு ஸ்பிரிங்கின் கணக்கே வேறு. பிஸ்டன் நிறுத்தியில் போய் இடிக்கும். காதுக்கு டக் டக் என்று கேட்கும். வெற்றிடத்தில் கேட்காது, ஆக்சிலரோமீட்டரில் கூர்முனைகளாகத் தெரியும். 5 நிமிடத்தில் படிப்படியாக ஏற்றுவது பாதுகாப்பு. குளிர்ந்தபின் ஒத்ததிர்வு கொஞ்சம் நகர்ந்திருக்கும். மின்னோட்டமும் வோல்ட்டேஜும் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்று பார்த்து அதிர்வெண்ணை அரை ஹெர்ட்ஸ் அளவில் திருத்தினால் சில நூறு மில்லிவாட் மிச்சமாகும்.

வெப்பநிலையைப் பிடிக்க நொடிக்கு ஒருமுறை கணக்கிடும் பிஐடி (பிழையைப் பார்த்துத் திறனைத் திருத்தும் கட்டுப்பாட்டு முறை) போதும். இறங்கும் வழியில், பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் அதன் தொகையீட்டுப் பகுதி வீங்கிக்கொண்டே போய், 80இல் நிற்காமல் 76க்கு இறங்கி மறுபடி ஏறும். அதனால் 82 கெல்வின் வரை வெறும் திறன் வரம்பில் ஓட்டிவிட்டு, அதற்குப் பிறகே தொகையீட்டை இயக்கவும்.

அதிர்வு

20 கிராம் பிஸ்டன் 2 மில்லிமீட்டர் வீச்சில் 70 ஹெர்ட்சில் ஆடினால் விசை 7.7 நியூட்டன். எதிரெதிராக இரண்டு பிஸ்டன் வைத்திருப்பதால் கம்ப்ரஸரில் இது பெருமளவு ரத்தாகிவிடும். விரலுக்குள் ஓடும் டிஸ்ப்ளேசர் தனி ஆள். 3 கிராம் எடை, 1.5 மில்லிமீட்டர் வீச்சு, 0.9 நியூட்டன். இதைச் சமன்செய்ய ஜோடி இல்லை. ஜெர்மானியம் போன்ற டிடெக்டரில் இது நேரே மைக்ரோஃபோன் போலச் சிக்னலில் ஏறி ஆற்றல் கோடுகளை அகலமாக்கும். படம் எடுக்கும் டிடெக்டரில் வேறு விதமாகக் காட்டும்: 70 ஹெர்ட்ஸ் கூலரோடு நொடிக்கு 60 ஃபிரேம் எடுத்தால் படத்தில் 10 ஹெர்ட்ஸ் மினுக்கல். இரண்டையும் ஒரே கடிகாரத்தில் பூட்டி, நொடிக்கு 35 அல்லது 70 ஃபிரேம் எடுத்தால், அதிர்வு எல்லா ஃபிரேமிலும் ஒரே கட்டத்தில் விழும். அதைக் கழிப்பது எளிது.

இரண்டு பாதிகளையும் இணைக்கும் ஹீலியம் குழாயை மறந்துவிடாதீர்கள். அதுவே ஒரு ஸ்பிரிங். தயாரிப்பாளர் வளைத்துத் தந்த வடிவத்தை மாற்றி மறுபடி வளைக்கக் கூடாது; முனைப் பற்றில் மயிரிழை விரிசல் விழுந்தால் பல பத்து பார் அழுத்தத்திலுள்ள ஹீலியம் மாதங்களில் மெல்லப் போய்விடும்.

வெப்பம் போகும் இடம்

உள்ளே போகும் வாட் எல்லாம் வெளியேயும் வந்தாக வேண்டும். டிரைவர் இழப்போடு சேர்த்து 19 வாட்டை 290 கெல்வின் ரேடியேட்டரில் தள்ளுவதாக வைப்போம். உமிழ்திறன் 0.85 என்றால் சதுர மீட்டருக்கு 341 வாட் போகும். சூரியன் படாத முகமாகவே இருந்தாலும் பூமியின் அகச்சிவப்பு 60 வாட் அளவுக்குத் திரும்ப ஏற்றும். கையில் நிற்பது 280. தேவையான பரப்பு 0.068 சதுர மீட்டர். 6யு பெட்டியின் பெரிய முகமே 20க்கு 30 சென்டிமீட்டர், 0.06தான். அடங்காது.

சரி, தேவைப்படும் நேரத்தில் மட்டும் ஓட்டலாமே என்றால், குளிரவைக்கவே 5,200 ஜூல் எடுக்க வேண்டும். அறை வெப்பத்திலிருந்து 80க்கு வர ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணிநேரம் ஆகிறது. தாழ் சுற்றுப்பாதையில் ஒரு சுற்றே 95 நிமிடம். ஆகவே அணைத்து ஓட்டுவதும் நடக்காது. மிச்சமிருக்கும் ஒரே வழி தொடர்ந்து, குறைந்த வாட்டில் ஓட்டுவது. 475 மில்லிவாட்டில் இருந்த கட்டமைப்பு இந்த இடத்தில் கைவிடப்பட்டிருக்கும். 8 வாட்டுக்கு இறங்கியபின் டிரைவரோடு 10 வாட்; 0.036 சதுர மீட்டர் போதும், ஒரு முகத்துக்குள் அடங்கி இடமும் மிஞ்சுகிறது. மேசையில் கிடந்த 12 செப்புக் கம்பிகளின் உண்மையான விலை இந்த ரேடியேட்டரில்தான் தெரிந்தது.

கம்ப்ரஸர், விரலின் அடிப்பகுதி இரண்டிலிருந்தும் வெப்பம் எடுக்க வேண்டும். அடிப்பகுதியை மட்டும் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அங்கே வாட் குறைவாக இருந்தாலும் திறனைத் தீர்மானிப்பது அந்த வெப்பநிலைதான். 300இலிருந்து 320 கெல்வினுக்குப் போனால் கார்னோ கணக்கிலேயே 9 சதவீதம் கூடும்; நடைமுறையில் அதற்கு மேல்.

ஏவுதலுக்கு முன்னும் பின்னும்

ஏவும்போது கூலர் ஓடாது, பிஸ்டன்கள் கட்டவிழ்ந்து கிடக்கும். மோட்டார் சுருளின் இரு முனைகளையும் ரிலே வழியே ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால், பிஸ்டன் ஆடும்போது தூண்டப்படும் மின்னோட்டமே அதைத் தடுத்து நிறுத்தும். ரிலேயின் இயல்பு நிலை, மின்சாரம் இல்லாதபோது சேர்ந்திருப்பதாக இருக்க வேண்டும். அதிர்வு மேசைச் சோதனையையும் இதே நிலையில்தான் செய்ய வேண்டும். முன்னும் பின்னும் 5 வாட்டில் ஒரு சுமைக்கோடு எடுத்து ஒப்பிடவும்.

சுற்றுப்பாதையில் அனுப்ப வேண்டிய எண்கள் குறைவு: விரல் நுனி, டிடெக்டர், கம்ப்ரஸர் உடல், விரல் அடி ஆகியவற்றின் வெப்பநிலை, உள்ளீட்டு வோல்ட்டேஜ், மின்னோட்டம், இரண்டுக்கும் இடையிலான கட்டம், மொத்த ஓட்ட நேரம். மாதம் ஒருமுறை மேடை ஹீட்டரை 0, 50, 100 மில்லிவாட்டில் வைத்து மூன்று புள்ளி எடுக்கவும். கோடு சாய்வு மாறாமல் பக்கவாட்டில் மட்டும் நகர்ந்திருந்தால், வெளியே பனியோ காப்பிலோ சுமை கூடியிருக்கிறது. சூடேற்றிப் பனி கழித்தால் திரும்பும். சாய்வே மாறியிருந்தால் கோளாறு கூலருக்குள்: ஹீலியம் குறைந்திருந்தால் ஒத்ததிர்வும் சேர்ந்து நகர்ந்திருக்கும், உள்ளே மாசு உறைந்து ரீஜெனரேட்டரை அடைத்திருந்தால் ஒத்ததிர்வு அப்படியே இருக்கும், ஒருமுறை அறை வெப்பத்துக்கு வந்தபின் சில வாரம் நன்றாக ஓடிவிட்டு மறுபடி அதே சாய்வுக்குப் போகும்.